எண்ணெய்க் கசிவுக் கருவிகள்: எது காப்பாற்றும், எது கைவிடும்

கடலோரத்தில் எண்ணெய் கையாளும் எந்த இறங்குதுறையும் கசிவுக்கென ஒரு கருவித்தொகுதி வைத்திருக்க வேண்டும். இந்தியாவின் தேசிய எண்ணெய்க் கசிவுப் பேரிடர்த் திட்டம் கசிவுகளை மூன்று அடுக்காகப் பிரிக்கிறது. 700 டன் வரை முதல் அடுக்கு, 10,000 டன் வரை இரண்டாவது, அதற்கு மேல் மூன்றாவது. முதல் அடுக்கைச் சமாளிப்பது அந்தத் துறைமுகத்தின் அல்லது எண்ணெய் நிறுவனத்தின் பொறுப்பு. பெரியவற்றை ஒருங்கிணைப்பது கடலோரக் காவல்படை. முதல் அடுக்குக்காக வாங்கப்படும் தொகுதியில் சில நூறு மீட்டர் மிதவைத் தடுப்பு, நீர்மேல் கிடக்கும் எண்ணெயை அள்ளும் ஸ்கிம்மர் ஒன்று, ஒரு தற்காலிகத் தொட்டி, உறிஞ்சு பட்டைகள், சிதறடிப்பான் திரவம், அதைத் தெளிக்கும் பம்பு ஆகியவை இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, விற்பனைத் தாளில் சொல்வதும் தண்ணீரில் நடப்பதும் எவ்வளவு தூரம் ஒத்துப்போகின்றன என்று இங்கே பார்க்கிறோம். கூடவே, எண்ணெயைத் தண்ணீருக்கே வரவிடாமல் செய்யும் சாதனங்களையும் அதே தராசில் வைக்கிறோம். அவற்றை வேறு துறையின் விஷயம் என்று ஒதுக்கிவிட்டு மிதவைத் தடுப்பை மட்டும் மதிப்பிடுவது சரியான ஒப்பீடு ஆகாது.

கையில் இருக்கும் மிகப் பெரிய சோதனை முடிவு மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வருகிறது. 2010 ஏப்ரல் 20 அன்று டீப்வாட்டர் ஹொரைசன் துரப்பண மேடை வெடித்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில் இருந்த மகோண்டோ கிணறு 87 நாள் கக்கியது. அமெரிக்க அரசின் மதிப்பீட்டில் கிணற்றிலிருந்து வெளிவந்தது 49 லட்சம் பீப்பாய், ஏறத்தாழ 78 கோடி லிட்டர். கடல் முழுக்க ஸ்கிம்மர் கப்பல்கள் நின்றன; 1,000 கிலோமீட்டருக்கு மேல் கடின மிதவைத் தடுப்பு விரிக்கப்பட்டது. இவ்வளவுக்குப் பிறகும் ஸ்கிம்மர்கள் அள்ளியது வெளிவந்த எண்ணெயில் சுமார் 3 விழுக்காடு. கடலிலேயே எரித்தது இன்னொரு 5 விழுக்காடு. பணமும் ஆளும் கப்பலும் தட்டுப்பாடின்றிக் கிடைத்த ஒரு நாட்டின் கணக்கு இது. கருவித்தொகுதி வாங்கும் எவரும் முதலில் இந்த எண்ணை மனதில் இருத்திக்கொள்ள வேண்டும்.

மிதவைத் தடுப்பு

துறைமுகங்களில் பூம் என்று சொல்லப்படும் இதில் நீருக்கு மேலே நிற்கும் மிதவை, கீழே தொங்கும் திரை, திரையை நிமிர்த்திப் பிடிக்கும் எடைச் சங்கிலி, இழுவையைத் தாங்கும் கம்பி அல்லது வார் ஆகியவை இருக்கின்றன. ஒரு துண்டை அடுத்த துண்டோடு மாட்டும் இணைப்பைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டு நிறுவனங்களின் துண்டுகள் ஒன்றோடொன்று மாட்டாமல் போவதும், மாட்டினாலும் இணைப்பின் இடைவெளியில் எண்ணெய் ஒழுகுவதும் களத்தில் அடிக்கடி நடப்பவை. பக்கத்துத் துறைமுகத்தில் இருக்கும் இணைப்பு வகை எதுவோ அதையே வாங்குவது நல்லது. அவசரத்தில் கடன் வாங்கப்போவது அங்கேதான்.

இதன் எல்லை மிகக் குறுகியது. தடுப்புக்குச் செங்குத்தாக வரும் நீரோட்டம் 0.7 நாட் (கடலில் வேகத்தை அளக்கும் அலகு) அளவைத் தாண்டினால், அதாவது நொடிக்கு சுமார் 35 செ.மீ. வேகத்தைத் தாண்டினால், தேங்கி நிற்கும் எண்ணெயின் முன்விளிம்பு கலங்கி, துளித்துளியாகப் பிய்ந்து, திரைக்கு அடியில் போய்விடும். ஆழமான திரை வாங்கினால் இது சரியாகும் என்று நினைப்பது தவறு. திரை ஆழமாக ஆக அடியில் ஓடும் நீரின் வேகம் கூடும், நங்கூரத்தின் மேல் விழும் இழுவையும் கூடும். ஆழம் குறைந்த கழிமுகத்தில் திரை தரையை நெருங்கிவிட்டால் தண்ணீர் அந்த ஒடுங்கிய இடைவெளியில் பீறிட்டு எண்ணெயையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

ஒரே வழி, தடுப்பை நீரோட்டத்துக்குச் சாய்வாக விரிப்பது. நீரோட்டம் 1 நாட் என்றால் ஓட்டத்தின் திசைக்கு 45 பாகைக்கு மேல் போகக் கூடாது. 1.5 நாட்டுக்கு 28 பாகை, 2 நாட்டுக்கு 20 பாகை, 3 நாட்டுக்கு 13 பாகை. சாய்வு கூடக் கூட நீளம் எவ்வளவு வேண்டியிருக்கிறது என்பதைத்தான் கொள்முதல் செய்பவர்கள் தவறவிடுகிறார்கள். 100 மீட்டர் அகல ஆற்றுவாயை 45 பாகையில் மூட 140 மீட்டருக்குச் சற்று மேல் போதும். 20 பாகையில் மூட 290 மீட்டருக்கு மேல் வேண்டும். ஆற்றின் அகலத்தை மட்டும் அளந்து ஆர்டர் கொடுத்திருந்தால், வெள்ளம் வடியும் நாளில் அந்தத் தடுப்பு எதற்கும் உதவாது. வாங்குவதற்கு முன் ஓதம் (கடல்மட்டத்தின் ஏற்ற வற்றம்) வற்றும்போது நீரோட்டத்தை அளக்க வேண்டும். அதற்கு ஒரு மரத்துண்டும் கைக்கடிகாரமும் போதும். 100 மீட்டர் தூரத்தை மரத்துண்டு கடக்க மூன்று நிமிடத்துக்கும் குறைவாக எடுத்தால் ஓட்டம் ஒரு நாட்டைத் தாண்டிவிட்டது.

இழுவையின் கணக்கும் எளிதுதான். நீருக்கடியில் இருக்கும் திரையின் பரப்பைச் சதுர மீட்டரிலும் ஓட்டத்தின் வேகத்தை நொடிக்கு மீட்டரிலும் எடுத்து, பரப்பை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி நூறால் பெருக்கினால் கிலோகிராம் விசை கிடைக்கும். 100 மீட்டர் நீளமும் 60 செ.மீ. திரையும் கொண்ட தடுப்பின் மேல் அரை நாட் ஓட்டம் தரும் விசை சுமார் 375 கிலோ. ஓட்டம் ஒரு நாட்டானால் அது 1,500 கிலோ. பெரும்பாலான தொகுதிகளோடு வரும் சிறு நங்கூரங்கள் இதைத் தாங்காமல் சேற்றில் உழுதுகொண்டே போகும். நங்கூரக் கயிறு நீரின் ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது நீளம் இருக்க வேண்டும். கழிமுகத்தில் ஓட்டம் ஓதத்தோடு திசை மாறும் என்பதால் தடுப்பின் இரு பக்கமும் நங்கூரம் போட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போட்டால் அடுத்த ஏற்றத்தில் தடுப்பு மடிந்து, பிடித்து வைத்த எண்ணெய் முழுவதையும் உள்ளே திருப்பி அனுப்பிவிடும்.

கரையைத் தொடும் முனைக்குத் தனி வகை இருக்கிறது. மேலே காற்று அறை, கீழே இரண்டு நீர் அறைகள். நீர் வற்றினால் நீர் அறைகள் சேற்றில் அமர்ந்து இடைவெளியை அடைக்கும். சாதாரணத் தடுப்பு வற்றும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துவிடும். சென்னைக் கரையில் ஏற்ற வற்ற வேறுபாடு சுமார் ஒரு மீட்டர்தான் என்றாலும், தட்டையான சேற்றுத் திட்டில் அதுவே பல மீட்டர் அகலக் கரையை வெளிக்காட்டிவிடும். மொத்த நீளத்தில் சிறு பங்காவது இந்த வகையில் வாங்காத தொகுதியை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

பி.வி.சி. துணியில் வருவது மலிவு. நம் வெயிலில் வெளியே போட்டால் சில பருவங்களில் மடிப்புகளில் வெடிக்கும். செயற்கை ரப்பரில் வருவது விலை அதிகம், ஆயுளும் அதிகம். ஊதும் வகை குறைந்த இடத்தில் அடங்கும், அலையோடு நன்றாக வளைந்தும் கொடுக்கும். ஆனால் ஒரு அறை ஓட்டையானால் அந்த இடம் மூழ்கும், எண்ணெய் அதன் மேல் ஏறிப்போகும். நுரை அடைத்த வகை மூழ்காது, கிடங்கில் இடம் அடைக்கும். இரவில் ஆள் குறைவாக இருக்கும் சிறு இறங்குதுறைக்கு நுரை வகையே பொருத்தம். ஊதுவதற்கு ஆளும் நேரமும் தேவையில்லை. கிடங்கில் எலி கடிப்பதும் இணைப்பு ஊசிகள் துருவேறி இறுகுவதும் சிறிய விஷயமாகத் தெரியும், ஆனால் தடுப்பு விரிக்கத் தாமதமாவது பெரும்பாலும் இவற்றால்தான்.

மொரீஷியஸில் 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ கப்பல் பவளத்திட்டில் ஏறியது. ஆகஸ்ட் 6 அன்று எண்ணெய் ஒழுகத் தொடங்கி, சுமார் 1,000 டன் கடற்கழியில் பரவியது. ஊர் மக்கள் கரும்புச் சோகையைத் துணியில் அடைத்து, பிளாஸ்டிக் பாட்டில்களை மிதவையாகக் கட்டி, கிலோமீட்டர் கணக்கில் தடுப்பு தைத்தார்கள். முடி வெட்டும் கடைகளிலிருந்து தலைமுடியும் சேகரித்தார்கள். அமைதியான கழியில் அவை உண்மையிலேயே எண்ணெயைப் பிடித்தன. சோகை நீரை உறிஞ்சி நாளாவட்டத்தில் கனத்து மூழ்கும், ஆகவே அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். கப்பல் தரைதட்டிய நாளுக்கும் எண்ணெய் ஒழுகிய நாளுக்கும் நடுவே பன்னிரண்டு நாள் இருந்தது. கப்பலிலிருந்த ஏறத்தாழ 3,900 டன் எரிபொருளில் பெரும்பகுதியைப் பிறகு பம்பு செய்து எடுத்தார்கள். அதைத் தொடங்க வேண்டிய நேரம் அந்தப் பன்னிரண்டு நாள்.

ஸ்கிம்மர்: பெயர்ப்பலகைத் திறனும் நிஜத் திறனும்

ஸ்கிம்மரில் இரண்டு பெரிய குடும்பங்கள். முதலாவது, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே விளிம்பு வைத்து எண்ணெயை வழியவிட்டு உறிஞ்சும் வகை. மலிவு, நகரும் பாகம் குறைவு. சிற்றலை அடித்தாலே உறிஞ்சுவதில் பெரும்பங்கு தண்ணீராக இருக்கும், தொட்டி நிமிடங்களில் நிரம்பும். இரண்டாவது, எண்ணெய் ஒட்டும் பரப்பைச் சுழற்றி வழித்தெடுக்கும் வகை: தட்டு, உருளை, தூரிகை, கயிற்றுத் துடைப்பம். நடுத்தரப் பிசுபிசுப்புள்ள எண்ணெயில் தட்டும் உருளையும் தண்ணீர் குறைவாகவே எடுக்கும். வரிப்பள்ளம் வெட்டிய உருளை வழவழப்பான உருளையைவிட இரண்டு மூன்று மடங்கு எடுக்கிறது. கப்பல்களின் பர்னஸ் ஆயிலுக்கோ, அலையில் அடிபட்டு நீரோடு கலந்து கெட்டித்த கூழுக்கோ தூரிகை வகை வேண்டும். தட்டில் அந்தக் கூழ் ஒட்டாது, உருளையைச் சுற்றி வழுக்கும். இந்தக் கூழில் 70 முதல் 80 விழுக்காடு வரை தண்ணீர் இருக்கும். 10 டன் எண்ணெய் 40 டன் குப்பையாக மாறுவது இப்படித்தான்.

2011இல் அமெரிக்காவின் ஓம்செட் சோதனைத் தொட்டியில் நடந்த எக்ஸ் பரிசுப் போட்டியில் எலாஸ்டெக் நிறுவனத்தின் வரிப்பள்ளத் தட்டு ஸ்கிம்மர் நிமிடத்துக்கு 4,670 கேலன் எடுத்தது. எடுத்ததில் 89.5 விழுக்காடு எண்ணெய். பொறியியலாகப் பார்த்தால் அருமையான சாதனை. ஆனால் அந்தத் தொட்டியில் எண்ணெய் தடிமனான படலமாகக் கிடந்தது. கடலில் அப்படிக் கிடக்காது.

கடலில் நடப்பதை எளிய கணக்கில் காட்டலாம். இரண்டு படகுகள் 20 மீட்டர் வாய் அகலத்தில் தடுப்பை இழுத்துப் போகின்றன. 0.7 நாட்டுக்கு மேல் போக முடியாது, போனால் எண்ணெய் அடியில் தப்பிவிடும். ஆக நொடிக்கு 7.2 சதுர மீட்டர் கடல்பரப்பை வளைக்கலாம். எண்ணெய்ப் படலம் 0.1 மி.மீ. தடிமன் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் மணிக்கு 2.6 கன மீட்டர் எண்ணெய்தான் வாய்க்குள் வரும். பெயர்ப்பலகையில் 100 கன மீட்டர் என்று போட்ட ஸ்கிம்மரும், 10 என்று போட்ட ஸ்கிம்மரும் அங்கே ஒரே அளவு எண்ணெய்தான் எடுக்கும். மற்றதெல்லாம் தண்ணீர். வானவில் நிறம் காட்டும் படலத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 300 முதல் 5,000 லிட்டர் வரைதான் எண்ணெய் இருக்கும். அந்த நிறத்தின் பின்னால் ஸ்கிம்மரை அனுப்புவது டீசலுக்குக் கேடு. கறுப்பாக, தடிமனாகத் திரண்டிருக்கும் திட்டுகளை மேலிருந்து பார்த்து வழிகாட்ட ஒரு டிரோனும் பயிற்சி பெற்ற கண்ணும் இருந்தால், சிறிய ஸ்கிம்மரே பெரியதைவிட அதிகம் எடுக்கும். காற்று வேகத்தில் சுமார் 3 விழுக்காடும் நீரோட்டம் முழுவதும் சேர்ந்துதான் எண்ணெய் நகரும். 20 நாட் காற்றுக்கு 0.6 நாட். எந்தக் கரைக்கு எப்போது வரும் என்பதை இதை வைத்து ஓரளவு முன்கூட்டியே குறிக்கலாம்.

பெயர்ப்பலகை எண்ணை எப்படி வாசிப்பது என்பதற்கு அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் வழக்கம் நல்ல பாடம். ஒரு மணி நேரத் திறனை 24ஆல் பெருக்கி, அதில் 20 விழுக்காட்டை மட்டுமே ஒரு நாளின் திறனாக ஏற்கிறது. டெண்டரில் இந்தக் கழிவைப் போட்டுப் பார்த்தால் பல "700 டன் தயார்நிலை" சான்றிதழ்கள் சுருங்கிவிடும்.

நம் முகத்துவாரங்களுக்கே உரிய தொல்லை குப்பை. ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பையும் சீமைக்கருவேலங் குச்சியும் ஸ்கிம்மரின் வாயை அடைத்து பம்பை நிறுத்திவிடும். குப்பைத் தடுப்பு வலையும், திருகு வகை பம்பும் இல்லாத ஸ்கிம்மரை வாங்கவே கூடாது. சேமிப்புத் தொட்டியும் பலமுறை மறக்கப்படுகிறது. எடுத்ததை ஊற்ற இடமில்லாமல் ஸ்கிம்மர் நிற்பது களத்தில் மிகச் சாதாரணமாக நடப்பது.

2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கொட்டியது கனரக எரிபொருள். எர்ணாவூர்க் கரையில் அது தார் போலக் கெட்டித்துப் பாறைகளுக்கிடையே தேங்கியபோது இயந்திரங்கள் திணறின. மீனவர்களும் தன்னார்வலர்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் வாளியில் மொண்டு கைமாற்றிக் கைமாற்றி ஏற்றினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் வந்தபோதும் அதே வாளி, அதே குவளை. கனத்த எண்ணெய்க்கு வாளி வேலை செய்யும் என்பது உண்மை. அதைப் பிடித்திருக்கும் கைக்கு நைட்ரைல் கையுறையும், மூக்குக்குக் கரிம ஆவி வடிகட்டும் முகமூடியும், காலுக்கு முழங்கால் பூட்ஸும் கொடுக்கப்படாததுதான் கொடுமை. ஒவ்வொரு கருவித்தொகுதியிலும் குறைந்தது நூறு பேருக்கான பாதுகாப்பு உடை முதல் பொருளாக இருக்க வேண்டும். பென்சீன், ஹைட்ரஜன் சல்ஃபைடு, தீப்பற்றும் ஆவி ஆகியவற்றை அளக்கும் கைக்கருவி இரண்டாவது. கச்சா எண்ணெய் கொட்டிய முதல் சில மணி நேரத்தில் அளவெடுக்காமல் யாரையும் காற்று வீசும் திசையின் கீழ்ப்பக்கம் இறக்கக் கூடாது.

உறிஞ்சு பட்டைகள்

பாலிப்ரொப்பிலீன் பட்டைகள் நல்லவை. தண்ணீரை ஒதுக்கி எண்ணெயை மட்டும் எடுக்கும், மிதக்கும், பிழிந்து மறுபடி சில முறை பயன்படுத்தலாம். கப்பல் தளத்தில், இறங்குதுறைப் படியில், ஸ்கிம்மர் எடுத்த பிறகு மிஞ்சும் மெல்லிய படலத்தில் இவற்றுக்கு இணை இல்லை. கெட்டியான பர்னஸ் ஆயிலில் பயனில்லை. அது பட்டைக்குள் ஊறாது, மேலே பூசிக்கொள்ளும். வைக்கோல், தென்னைநார்த்தூள், மரத்தூள் போன்றவை எடையைப் போல மூன்று முதல் பதினைந்து மடங்கு வரை எடுக்கும், ஆனால் தண்ணீரையும் சேர்த்துக் குடிக்கும். இலவம்பஞ்சு இதில் விதிவிலக்கு. இயல்பான மெழுகுப் பூச்சும் உள்ளீடற்ற இழையும் இருப்பதால் நீரை ஒதுக்கி மிதந்தபடி எண்ணெயை மட்டும் பிடிக்கிறது. வலைப்பையில் அடைத்துத் தைத்தால் தேனி மாவட்டத்து இலவம்பஞ்சை வைத்தே நல்ல உறிஞ்சு மிதவை செய்யலாம். உதிரியாகத் தூவினால் மட்டும் திரும்ப எடுக்க முடியாது.

விற்பவர்கள் சொல்லாத செலவு ஒன்று உண்டு. எண்ணெய் குடித்த பட்டை எல்லாம் அபாயகரமான கழிவு. 2016ஆம் ஆண்டு விதிகளின்படி தனியே கட்டி, கணக்கு எழுதி, உரிமம் பெற்ற இடத்துக்கு அனுப்ப வேண்டும். பட்டை வாங்கும்போதே அதற்கான பையும், தளத்தில் ஒழுகாத தரைவிரிப்பும், போக்குவரத்து ஒப்பந்தமும் சேர்த்து வாங்காவிட்டால் கடற்கரையில் இருந்த எண்ணெய் மணல்மேட்டின் பின்னால் இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

சிதறடிப்பான்

இதைக் கருவி என்பதைவிட ஒரு பேரம் என்று சொல்வது பொருந்தும். மேற்பரப்பில் இருக்கும் எண்ணெயை நுண்துளிகளாக உடைத்து நீருக்குள் கலக்கிவிடுகிறது. பறவையும் கரையும் தப்பலாம். மீன்முட்டையும் இறால் குஞ்சும் அந்த எண்ணெயை எதிர்கொள்ளும். எண்ணெயில் உள்ள பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் மீன் கருவின் இதய வளர்ச்சியைக் குலைக்கின்றன என்பது 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டிஸ் கப்பலிலிருந்து நடந்த கசிவுக்குப் பின்னும் டீப்வாட்டர் ஹொரைசனுக்குப் பின்னும் நடந்த ஆய்வுகளில் உறுதியானது.

ஆழ்கடலில், அலை இருக்கும்போது, எண்ணெய் புதியதாக இருக்கும் முதல் சில மணி நேரங்களில் இது வேலை செய்யும். வழக்கமான அளவு இருபது பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு திரவம். எண்ணெய் காற்றில் கெட்டித்துப் பிசுபிசுப்பு ஏறிவிட்டால் திரவம் மேலே வழிந்து தண்ணீரில் கலந்து வீணாகும். தெளித்த பிறகு நீரில் காப்பி நிற மேகம் பரவினால் வேலை செய்கிறது. பால்போல வெண்மை பரவினால் திரவம் மட்டும் கலக்கிறது, உடனே நிறுத்த வேண்டும். மகோண்டோவில் 18 லட்சம் கேலனுக்கு மேல் கோரெக்சிட் வகைத் திரவங்கள் பயன்பட்டன. அவற்றில் சுமார் ஐந்தில் இரண்டு பங்கு, ஏழு லட்சம் கேலனைத் தாண்டி, கடலடிக் கிணற்றுவாயிலேயே செலுத்தப்பட்டது. கழிமுகம், அலையாத்திக் காடு, பவளத்திட்டு, மீன்கள் முட்டையிடும் ஆழமற்ற நீர் ஆகிய இடங்களில் இதை எடுக்கவே கூடாது. எண்ணூர், பிச்சாவரம், மன்னார் வளைகுடாத் தீவுகள் பக்கம் உள்ள எந்த இறங்குதுறையின் தொகுதியிலும் இது வெறும் அலங்காரம். அந்தப் பணத்தைக் கரை மூடும் மிதவைக்குக் கொடுக்கலாம்.

எண்ணெய் தின்னும் பாக்டீரியா பற்றியும் ஒரு வார்த்தை. டெரி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ஆயில்ஸாப்பர் போன்றவை, நிலத்தில் குவித்த எண்ணெய்ச் சேற்றைக் கிளறி, ஈரமும் உரமும் கொடுத்தால் மாதங்களில் நன்றாகவே சிதைக்கின்றன. கரையிலிருந்து அள்ளிய மண்ணுக்கு ஏற்றது. ஓடும் நீரில் தூவினால் அடித்துக்கொண்டு போய்விடும்.

கரைக்கு வந்த பின்

கருவி தவறினால் யார் விலை கொடுக்கிறார்கள் என்பதையும் மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும். அலையாத்தியின் மூச்சுவேர்கள் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்பவை. அவற்றின் துளைகளை எண்ணெய் அடைத்தால் இலை உதிர்ந்து மரம் வாரங்களிலோ மாதங்களிலோ சாகும். நண்டு வளைகள் வழியாக எண்ணெய் சேற்றுக்கு அடியில் இறங்கி, காற்றில்லாத இடத்தில் சிதையாமல் வருடக்கணக்கில் தங்கும். 1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் எக்ஸான் வால்டிஸ் கொட்டிய எண்ணெய் பல பத்தாண்டுகள் கழித்தும் சில கடற்கரைகளில் கல்லுக்கடியில் கிடந்தது. அங்கே அதிக அழுத்தச் சுடுநீரைப் பீய்ச்சிப் பாறைகளைக் கழுவியது, எண்ணெயிலிருந்து தப்பிய உயிர்களையும் கொன்றது. நம் கழிமுகத்தில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்களுக்குச் சேறுதான் வயல். அந்தச் சேற்றுக்குள் பூட்ஸ் காலோடு நூறு பேரை இறக்கி எண்ணெயை மிதித்துப் புதைப்பது, ஒன்றும் செய்யாமல் விடுவதைவிடக் கெடுதல். பலகை போட்டு நடப்பது, ஓதம் ஏறும்போது குறைந்த அழுத்தக் கடல்நீரால் அலசி மிதக்கவிட்டுப் பட்டையால் எடுப்பது, இதுவே சேற்றுக் கரைக்குரிய முறை.

கசியவிடாத சாதனங்கள்

பி.ஓ.பி. எனப்படும் கிணற்றுவாய்த் தடுப்பான் ஆழ்கடல் துரப்பணத்தின் கடைசிக் காவல். குழாயைச் சுற்றி இறுகும் ரப்பர் வளையம், குழாயைப் பிடிக்கும் இரும்புத் தாடைகள், எல்லாவற்றுக்கும் மேலாக, குழாயையே வெட்டிக் கிணற்றை மூடும் வெட்டுத்தாடை. மகோண்டோவில் வெட்டுத்தாடை இயங்கியும் மூடவில்லை. குழாய் உள்ளழுத்தத்தால் வளைந்து, கத்தியின் நடுவே இல்லாமல் ஓரத்தில் ஒதுங்கியிருந்தது. கத்தி அதை முழுதாக வெட்டாமல் நசுக்கிக் கிழித்தது. விசாரணைகளில் இன்னும் இரண்டு குறைகள் வெளிவந்தன. இரண்டு கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் ஒன்றில் மின்வால்வின் கம்பி தவறாக இணைக்கப்பட்டிருந்தது, மற்றதில் பேட்டரி தீர்ந்திருந்தது. அதற்கும் முன்பே சிமெண்ட் சரியாகப் பிடிக்கவில்லை என்று அழுத்தச் சோதனை காட்டியதை மேடையில் இருந்தவர்கள் தவறாகப் படித்திருந்தார்கள். ஆக, இந்தச் சாதனத்துக்கு நம் மதிப்பீடு: வடிவமைப்பு வலுவானது, பராமரிப்பைப் பொறுத்தே உயிர் பெறுவது. குழாயின் எந்த நிலையிலும் வெட்டும் தாடை, இரண்டு பெட்டிகளையும் தனித்தனியே பேட்டரிச் சுமையோடு சோதித்த பதிவு, மூன்றாம் தரப்புச் சான்று, இவை இல்லாமல் கிணறு தோண்ட அனுமதிக்கக் கூடாது.

2010இல் கிணற்றை மூட ஏற்ற தொப்பி தயாராக இல்லாததால்தான் 87 நாள் ஆனது. அதன் பிறகு ஆயில் ஸ்பில் ரெஸ்பான்ஸ் என்ற கூட்டமைப்பு நார்வே, பிரேசில், தென்னாப்பிரிக்கா, சிங்கப்பூரில் மூடுதொப்பிகளைத் தயாராக வைத்திருக்கிறது. நல்ல சேவை. ஆனால் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து பொருத்தும் நாள்கள் முழுதும் கிணறு கக்கிக்கொண்டிருக்கும்.

கப்பல்களைப் பொறுத்தவரை, எக்ஸான் வால்டிஸுக்குப் பின் வந்த இரட்டை மேலோடு இதுவரை வந்தவற்றிலேயே அதிகப் பயன் தந்த சாதனம். ஆனால் எண்ணெய்க் கப்பலின் சரக்குத் தொட்டிக்கு வந்த பாதுகாப்பு, மற்றக் கப்பல்களின் எரிபொருள் தொட்டிக்குத் தாமதமாகவே வந்தது. 2010 ஆகஸ்ட் 1க்குப் பிறகு ஒப்படைக்கப்பட்ட, 600 கன மீட்டருக்குக் குறையாத எரிபொருள் கொள்ளளவுள்ள கப்பல்களுக்குத்தான் அது கட்டாயம். வகாஷியோ 2007இல் கட்டப்பட்டது. 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் 1997இல் கட்டப்பட்டது; அதில் 367 டன் பர்னஸ் ஆயிலும் 84 டன் டீசலும் இருந்தன. துறைமுகம் ஒன்று தன் வாசலில் பழைய கப்பல்களுக்குக் கூடுதல் இழுவைப்படகுத் துணையும் கட்டணமும் விதிக்கலாம்.

2020 செப்டம்பரில் இலங்கையின் அம்பாறை மாவட்டம் சங்கமன்கண்டிக்கு அப்பால் நியூ டயமண்ட் கப்பல் தீப்பற்றியபோது அதில் சுமார் 2,70,000 டன் கச்சா எண்ணெய் இருந்தது. ஒரு மாலுமி இறந்தார். இலங்கைக் கடற்படையும் இந்தியக் கடலோரக் காவல்படையும் இழுவைப்படகுகளும் நாள்கணக்கில் நீரைப் பீய்ச்சிக் குளிர்வித்து, கரையிலிருந்து விலக்கி இழுத்துப் போயின. சரக்கு எண்ணெய் கடலில் கொட்டவில்லை. கிழக்குக் கரையைக் காப்பாற்றிய கருவி, நேரத்துக்கு வந்து சேர்ந்த இழுவைப்படகும் தீயணைப்புப் பீரங்கியும்.

குழாய்களுக்கு வருவோம். 2023 மார்ச்சில் நாகூர் பட்டினச்சேரிக் கடற்கரையில் கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்து, மீனவர்கள் அந்தக் குழாயையே அகற்றச் சொல்லிப் போராடினார்கள். அலை உடையும் பகுதியில் மணல் அரித்துக் குழாய் வெளித்தெரிவது, பூச்சு உரிவது, துரு, இவைதான் வழக்கமான காரணங்கள். குழாய்க்குள் ஓடவிட்டுச் சுவரின் தடிமனைக் காந்தப்புலத்தால் அளக்கும் பிக் கருவி, துருவைத் தான் ஏற்றுக்கொள்ளும் அலுமினியப் பலிமுனைகள், மணல்மூட்டத்தின் ஆழத்தைப் பருவமழைக்கு முன்னும் பின்னும் அளப்பது ஆகிய மூன்றுக்கும் ஆகும் செலவு ஒரே ஒரு கசிவின் இழப்பீட்டுக்கு முன் சிறியது. பயன்பாட்டில் இல்லாத குழாயை எண்ணெயோடு விட்டுவைக்கக் கூடாது. நீரால் தள்ளிச் சுத்தம் செய்து மூட வேண்டும். கடலில் மிதவையோடு கட்டிய கப்பலிலிருந்து எண்ணெய் இறக்கும் இடத்தில் இரட்டைச் சுவர் மிதவைக்குழாயும், இழுவை மிகுந்தால் தானே பிரிந்து இரு முனையையும் அடைக்கும் இணைப்பும் இருந்தால், கயிறு அறுந்த கப்பல் விலகினாலும் குழாயில் மிச்சமிருப்பது வெளியேறாது.

எரிபொருள் நிரப்பும்போது நடக்கும் கசிவுகள் சிறியவை, அடிக்கடி நடப்பவை, கிட்டத்தட்ட எல்லாமே தவிர்க்கக்கூடியவை. தளத்தின் வடிகால் துளைகளை அடைப்பது, இணைப்புக்கு அடியில் தட்டு வைப்பது, குழாயை ஆண்டுக்கொரு முறை வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கில் சோதிப்பது, மெதுவாகத் தொடங்குவது, தொட்டி 90 விழுக்காட்டைத் தாண்டுமுன் நிறுத்துவது, இரு பக்கமும் பேசும் வாக்கிடாக்கியைத் தொடங்குமுன் ஒருமுறையும் நடுவே மணிக்கொரு முறையும் சரிபார்ப்பது. இறங்குதுறைக்கு இதைவிட மலிவான பாதுகாப்பு கிடையாது.

வாங்குபவர்களுக்கு

ஒப்பந்தத்தில் சில நிபந்தனைகளை விட்டுக்கொடுக்க வேண்டாம். ஸ்கிம்மரை உங்கள் இறங்குதுறையில் வழக்கமாகக் கையாளும் எண்ணெயிலேயே, அதே பிசுபிசுப்பில் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். தண்ணீரில் ஓட்டிக் காட்டுவது சோதனை ஆகாது. ஊதும் தடுப்பு 24 மணி நேரம் காற்றைத் தாங்க வேண்டும். உதிரிப் பம்பு, உதிரி இணைப்பு ஊசி, தூரிகை ஒரு செட் கையிருப்பில் இருக்க வேண்டும். கரையில் தடுப்பைக் கட்டும் கொக்கிகளைக் காங்கிரீட்டில் முன்பே பதித்து, எந்த ஓட்டத்துக்கு எந்தக் கொக்கி என்று எழுதி வையுங்கள். இரவில் அவசரமாக மரத்தில் கட்டிய கயிறு நிற்காது.

பயிற்சிக்கு அருகிலுள்ள குப்பத்து ஃபைபர் படகுகளைக் கூலி கொடுத்து அழையுங்கள். எந்த நேரத்தில் எந்தப் பக்கம் நீர் இழுக்கும், எங்கே மணல்திட்டு நகர்ந்திருக்கிறது என்பது அந்தப் படகோட்டிகளுக்குத் தெரியும், வரைபடத்தில் இருக்காது. அவர்களுக்கும் பாதுகாப்பு உடை, காப்பீடு, நாள்கூலி முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். பயிற்சியை அமைதியான பிப்ரவரிக் காலையில் மட்டும் நடத்தாதீர்கள். வடகிழக்குப் பருவமழை முடியும் தறுவாயில், ஆறு வடிந்துகொண்டிருக்கும்போது, நீர் வற்றும் நேரம் பார்த்து ஒருமுறை விரியுங்கள். எண்ணெய்க்குப் பதில் நெல் உமியையோ பாப்கார்னையோ மேலே தூவி, தடுப்பைத் தாண்டி எவ்வளவு போகிறது என்று கீழே ஒரு படகில் நின்று எண்ணச் சொல்லுங்கள். தாண்டினால் கொக்கியை மாற்றிக் கோணத்தைக் குறைத்து, அதே நாளில் மறுபடி விரிக்க வேண்டும்.